காலிக் கட்டம்

(ஆய்வு மாணவர்கள் கூடிய ஒரு ஞாயிறு வாசிப்பில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சுமொழி சில இடங்களில் அப்படியே விடப்பட்டுள்ளது.)



வழக்கமா என்னைக் கவிதை வாசிக்கத்தான் கூப்பிடுவீங்க. இந்தமுறை ஒரு மென்பொருளைப் பற்றிப் பேசச் சொல்லிட்டீங்க. நான் கம்ப்யூட்டர் படிச்சவன் கிடையாது. வங்கியில் எழுத்தர். காலையிலிருந்து சாயங்காலம் வரை கட்டங்களை நிரப்புவது என் பிழைப்பு. எந்தக் கட்டம் காலியாக இருந்தால் யாருடைய விண்ணப்பம் திரும்பிப் போகும் என்பது எனக்குத் தெரியும். இன்றைக்குப் பேச எனக்குள்ள தகுதி அது ஒன்றுதான்.

எங்கள் தெருவில் ஒரு தம்பி வரலாற்றுத் துறையில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறான். தலைப்பு பஞ்சமி நிலம். அவன் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள். ஒரு ராத்திரி மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு வந்தான். "அண்ணே, பாதிக்கு மேல காலியா வருதுண்ணே" என்றான். என்னடா காலி என்றேன். திறந்து காட்டினான்.

ஆய்வு செய்பவர்களுக்கு இது தெரிந்திருக்கும். மற்ற தோழர்களுக்காகச் சொல்கிறேன். படித்த கட்டுரை, நூல், அறிக்கை எல்லாவற்றின் விவரத்தையும் சேர்த்து வைக்க ஒரு மென்பொருள் உண்டு. சோட்டீரோ என்று பெயர். அமெரிக்காவில் ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழகத்தின் வரலாற்று மையம் 2006ல் வெளியிட்டது. காசு கிடையாது. மூல நிரலும் திறந்தே கிடக்கிறது. ஆசிரியர், தலைப்பு, இதழ், ஆண்டு, பக்கம் என்று கட்டம் கட்டமாக வாங்கி வைத்துக்கொண்டு, ஆய்வேட்டின் கடைசியில் வரும் நூற்பட்டியலைத் தானே அடுக்கித் தரும். முன்பு சின்னச் சின்ன அட்டைகளில் எழுதி ரப்பர் பேண்ட் போட்டு வைத்திருந்தார்களே, அந்த வேலைதான். இதே வேலையைச் செய்கிற மெண்ட்லி 2013ல் எல்சவியர் கம்பெனி கைக்குப் போயிற்று. எண்ட்நோட் என்பது கிளாரிவேட் கம்பெனியுடையது. இந்த இரண்டு கம்பெனிப் பெயரையும் ஞாபகத்தில் வையுங்கள். திரும்ப வருவார்கள்.

சோட்டீரோவுக்கு வெளியாட்கள் பலர் துணைக்கருவிகள் எழுதுகிறார்கள். பிளக்-இன் என்கிறோம். அதில் ஒரு வகை, நம் நூலகத்தில் இருக்கும் ஒவ்வொரு கட்டுரைக்கும், அது வெளியான ஆய்விதழின் தரவரிசையை எங்கிருந்தோ எடுத்து வந்து பக்கத்தில் ஒட்டுகிறது. சீன மாணவர்களிடம் புழங்கும் கிரீன் ஃபிராக் இந்த வகை. வேறு சிலவும் உண்டு. தம்பி அதில் ஒன்றைப் போட்டிருந்தான். எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து மெளஸின் வலது பொத்தானை அமுக்கினால், கொஞ்ச நேரத்தில் புதிதாக ஒரு நெடுவரிசை வந்து நிற்கும். நம்ம லெட்ஜர் பாஷையில் சொன்னால் ஒரு 'காலம்' கூடுதலாகப் போட்டிருக்கும். அதில் கியூ1, கியூ2, கியூ3, கியூ4. ஒரு துறையின் இதழ்களை மதிப்பெண்படி வரிசையாக நிறுத்தி நான்காகக் கூறு போட்டால் முதல் கூறு கியூ1, கடைசிக் கூறு கியூ4.

அவன் நெறியாளர் அதைப் பார்த்துவிட்டு, "கியூ1, கியூ2 மட்டும் வெச்சுக்க. மத்ததை எடுத்துடு. வெளியில இருந்து வர்ற தேர்வாளர் பார்த்தா நல்லாருக்கும்" என்று சொல்லியிருக்கிறார். கெட்ட எண்ணத்தில் சொன்னதாக நான் நினைக்கவில்லை. பையன் நல்லபடியாக வெளியே வரட்டும் என்றுதான் சொல்லியிருப்பார். தம்பியும் எடுத்துவிட்டான். எடுத்த பிறகுதான் ராத்திரியில் தூக்கம் வராமல் என்னிடம் வந்திருக்கிறான்.

என்னவெல்லாம் எடுத்தான் என்று பார்த்தோம். 1891ல் செங்கல்பட்டு கலெக்டராக இருந்த டிரெமன்ஹீர் பறையர்களின் நிலைமை பற்றிக் கொடுத்த அறிக்கை. அதையொட்டி 1892ல் வந்த அரசாணை. 1994ல் காரணை நில மீட்புப் போராட்டத்தில் ஜான் தாமஸும் ஏழுமலையும் போலீசால் சுட்டுக் கொல்லப்பட்டபோது சிற்றிதழ்களில் வந்த கட்டுரைகள், உண்மை அறியும் குழுவினர் போட்ட பிரசுரங்கள். இவற்றுக்கெல்லாம் அந்தக் கருவி கொடுத்த மதிப்பு: ஒன்றுமில்லை. கட்டம் காலி. பஞ்சமி நிலம் பற்றிய ஆய்விலிருந்து பஞ்சமி நிலத்தை எடுத்துவிட்டு, அதைப் பற்றி வெளியில் இருந்து எழுதியவர்களை மட்டும் வைத்திருந்தான்.

கருவி என்ன தப்பு செய்தது? ஒரு தப்பும் செய்யவில்லை. அது தேடியது, கிடைக்கவில்லை, சும்மா விட்டது. ஆனால் அந்த நெடுவரிசையின் தலையைச் சொடுக்கி வரிசைப்படுத்தினால், இருப்பதெல்லாம் ஒரு பக்கம் திரளும், காலியெல்லாம் மொத்தமாக இன்னொரு பக்கம் ஒதுங்கும். ஊரும் சேரியும் மாதிரி. பார்க்கிறவன் கண்ணுக்கு 'விவரம் கிடைக்கவில்லை' என்பது 'தரம் இல்லை' என்று மாறிவிடும். எங்கள் வங்கியிலும் இது உண்டு. கடன் கேட்டு வருகிறவரின் சிபில் மதிப்பெண் 300லிருந்து 900 வரை. வாழ்க்கையில் கடனே வாங்காத ஒரு அம்மா வந்தால் திரையில் -1 என்று வரும். 'வரலாறு இல்லை' என்று அதற்கு அர்த்தம். வாங்கிய கடனைக் கட்டாமல் 400ல் நிற்பவனுக்கும் கீழே அந்த அம்மா நிற்கிறார். கவுண்டருக்கு அந்தப் பக்கம் அவருக்கு இது தெரியாது. இந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கும் எனக்குத் தெரியும்.

சரி, அந்த மதிப்பெண் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். இந்தக் கருவிகள் சொந்தமாக எதையும் அளப்பதில்லை. இரண்டு கிணற்றில்தான் பெரும்பாலும் தண்ணீர் இறைக்கின்றன. ஒன்று, இம்பாக்ட் ஃபாக்டர். இன்னொன்று, ஸ்பெயின் நாட்டு ஆய்வுக் குழு ஒன்று இலவசமாக வெளியிடும் சிமாகோ தரவரிசை. முதலாவது கிளாரிவேட் கம்பெனியின் சரக்கு. இரண்டாவது ஸ்கோப்பஸ் என்ற தரவுத்தளத்திலிருந்து கணக்கிடப்படுவது, ஸ்கோப்பஸ் எல்சவியருடையது. எல்சவியர் யார்? ஆய்விதழ்களை அச்சிட்டு விற்கும் பெரிய வியாபாரி. தேர்வு எழுதுகிறவரே விடைத்தாள் கட்டையும் வைத்திருக்கிறார்.

சிமாகோ தளத்தில் பட்டியலை ஒரு கோப்பாக இறக்கிக்கொள்ளலாம். அன்றைக்கு ராத்திரி நாங்களும் இறக்கி எக்செல்லில் திறந்தோம். இங்கே ஒரு தொழில் ரகசியம். வங்கியில் புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கு முதலில் சொல்லித் தருவது, கணக்கு எண்ணை எக்செல்லில் போடும்போது முன்னால் இருக்கும் பூஜ்யங்களைப் பார் என்பதுதான். எக்செல் அதை எண் என்று நினைத்துக்கொண்டு பூஜ்யத்தை முழுங்கிவிடும். ஆய்விதழுக்கு ஐஎஸ்எஸ்என் என்று எட்டு இலக்க எண் உண்டு. எகனாமிக் அண்ட் பொலிட்டிக்கல் வீக்லிக்கு 0012-9976. இதை அந்தக் கோப்பு நடுவில் கோடு இல்லாமல் 00129976 என்று வைத்திருக்கிறது. எக்செல் கையில் கொடுத்தால் 129976 ஆகிவிடும். பிறகு சோட்டீரோவில் கோட்டோடு இருக்கும் எண்ணுடன் எப்படிப் பொருந்தும்? அச்சு இதழுக்கு ஒரு எண், இணைய வடிவத்துக்கு வேறு எண் என்கிற குழப்பம் தனி. இதோடு, ஐரோப்பிய வழக்கப்படி அந்தக் கோப்பில் தசமப் புள்ளிக்குப் பதில் காற்புள்ளி. 1,234 என்று இருந்தால் அவர்கள் கணக்கில் ஒன்றேகாலுக்குச் சற்றுக் குறைவு. நம்ம கணக்கில் ஆயிரத்து இருநூற்று முப்பத்து நாலு. கவனமாக எழுதிய கருவி இதையெல்லாம் சரிசெய்து கொள்ளும். அவசரத்தில் எழுதியது செய்யாது. ஆகவே ஒரு கட்டம் காலியாக இருந்தால் இதழ் மட்டம் என்று முடிவு கட்டுவதற்கு முன்னால், எங்கேயாவது ஒரு பூஜ்யம் தொலைந்திருக்கிறதா என்று தேடுங்கள்.

இன்னும் இரண்டு சங்கதி. ஒரே இதழ் வரலாற்றில் கியூ1 ஆகவும் சமூகவியலில் கியூ3 ஆகவும் இருக்கலாம், ஏனென்றால் துறைக்குத் துறை வரிசை வேறு. இறக்கும் பட்டியலில் 'சிறந்த கால்கூறு' என்று ஒன்று மட்டும் தனியாகக் கொடுத்திருப்பார்கள், பல கருவிகள் அதைத்தான் எடுத்துக்கொள்ளும். அடுத்து, வருஷம். சிமாகோவின் கணக்கு 1999லிருந்து தொடங்குகிறது. நீங்கள் 1994ல் வந்த கட்டுரையை வைத்திருந்தாலும் கருவி சாதாரணமாக ஒட்டுவது அதனிடம் இருக்கும் புதுப் பட்டியலின் மதிப்பை. பேரன் வாங்கிய மார்க்கைத் தாத்தாவின் சான்றிதழில் எழுதுகிற வேலை.

இப்போது அந்த எண்ணின் உள்ளே போவோம். இம்பாக்ட் ஃபாக்டர் என்பது வெறும் சராசரி. ஓர் இதழ் கடந்த இரண்டு வருஷத்தில் வெளியிட்ட கட்டுரைகளை இந்த வருஷம் எத்தனை தடவை மேற்கோள் காட்டினார்கள் என்று எண்ணி, கட்டுரைகளின் எண்ணிக்கையால் வகுப்பது. இதைக் கொண்டுவந்தவர் யூஜின் கார்ஃபீல்ட். 1955ல் மேற்கோள் அகராதி பற்றிய யோசனையைக் கட்டுரையாக எழுதினார். பிறகு தன் அகராதியில் எந்தெந்த இதழைச் சேர்ப்பது என்று தேர்வு செய்யத்தான் இந்தக் கணக்கு தேவைப்பட்டது. நூலகர்களுக்கும் எந்த இதழுக்குச் சந்தா கட்டலாம் என்று பார்க்க உதவியது. அலமாரிக்காகத் தைத்த சட்டையை ஆளுக்கு மாட்டியது பின்னால் வந்தவர்கள்.

சராசரி எவ்வளவு பெரிய புளுகு என்பது வங்கி ஊழியனுக்குத் தெரியும். ஒரே ஒரு அரிசி ஆலைக்காரர் பணம் போட்டால் எங்கள் கிளையின் சராசரி இருப்பு எகிறிவிடும். வரிசையில் நிற்கும் நூறு நாள் வேலைக்காரர்கள் அத்தனை பேரும் லட்சாதிபதி. ஆய்விதழிலும் இதுதான். பெர் செக்லென் என்ற நார்வேக்காரர் 1997ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதியது இந்த விஷயத்தில் புகழ்பெற்றது. அவர் பார்த்த இதழ்களில் 15 சதவீதக் கட்டுரைகள் மட்டும் மொத்த மேற்கோள்களில் பாதியை வாங்கியிருந்தன. இதைவிட வேடிக்கை ஒன்று இருக்கிறது. ஆக்டா கிறிஸ்டலோகிராஃபிகாவின் 'ஏ' பிரிவு என்று படிகவியல் இதழ். 2008ல் அதன் இம்பாக்ட் ஃபாக்டர் 2.051. அடுத்த வருஷம் 49.926. என்ன நடந்தது? படிகவியலாளர்கள் எல்லோரும் பயன்படுத்தும் ஒரு கணினி நிரலைப் பற்றி ஷெல்ட்ரிக் என்பவர் 2008ல் அந்த இதழில் ஒரு கட்டுரை எழுதினார். நிரலைப் பயன்படுத்திய ஒவ்வொருவரும் அதை மேற்கோள் காட்டினார்கள். அந்த ஒரு கட்டுரையின் வெளிச்சத்தில் பக்கத்துக் கட்டுரைகளுக்கெல்லாம் 50 மார்க். இரண்டு வருஷக் கணக்கிலிருந்து அது நகர்ந்ததும் பழையபடி இறங்கிற்று. நம்ம கருவி அன்றைக்கு இருந்திருந்தால் அந்த இதழின் எல்லாக் கட்டுரைக்கும் 49.926 என்று ஒட்டியிருக்கும், யாரும் படிக்காத கட்டுரைக்கும் சேர்த்து.

சிமாகோ இதைவிட நுட்பமானது. எத்தனை பேர் மேற்கோள் காட்டினார்கள் என்பதோடு, காட்டியவர் யார் என்றும் பார்க்கும். மதிப்புள்ள இதழ் ஒன்று உங்களைச் சுட்டினால் உங்கள் மதிப்பு கூடும். அந்த இதழுக்கு மதிப்பு எப்படி வந்தது? வேறு மதிப்புள்ள இதழ்கள் அதைச் சுட்டியதால். கூகிள் தேடலில் உள்ள அதே ரகக் கணக்கு. கணிதமாகப் பார்த்தால் அழகான யோசனை, மறுக்கவில்லை. ஆனால் நம் ஊர்க் கோயில் திருவிழாவில் பரிவட்டம் யாருக்கு என்பதை ஏற்கனவே பரிவட்டம் கட்டியவர்கள் கூடி முடிவு செய்வதைப் பார்த்து வளர்ந்தவனுக்கு, இந்தக் கணக்கைப் புரிந்துகொள்ளக் கல்லூரிக்குப் போகவேண்டிய அவசியம் இல்லை.

ஒரு சோதனை செய்தோம். தம்பியின் நூலகத்தில் அம்பேத்கரும் இருந்தார். 1916 மே மாதம் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஒரு கருத்தரங்கில் படித்த 'இந்தியாவில் சாதிகள்' கட்டுரை. 1917 மே மாதம் இந்தியன் ஆன்டிக்குவரி இதழில் அச்சானது. அந்த இதழ் 1933ல் நின்றுபோயிற்று. கட்டம் காலி. 'சாதி ஒழிப்பு' என்ன ஆகும் என்று பார்த்தோம். லாகூர் ஜாத்-பாத்-தோடக் மண்டல் மாநாட்டையே ரத்து செய்துவிட்ட பிறகு, 1936ல் அவர் தன் சொந்தச் செலவில் 1500 படி அச்சடித்த உரை. இதழே இல்லை, காலி. 1907ல் ராயப்பேட்டையிலிருந்து அயோத்திதாசர் கொண்டுவந்த 'ஒரு பைசாத் தமிழன்'? ஐஎஸ்எஸ்என் என்கிற எண்ணே 1970களில் வந்தது. காலி. தம்பி சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவன் அழித்தவற்றில் 'இந்தியாவில் சாதிகள்' கட்டுரையும் இருந்தது.

இது வெறும் கெளரவப் பிரச்சினை என்று நினைத்துவிடாதீர்கள். சோறு சம்பந்தப்பட்டது. 2018ல் யுஜிசி போட்ட ஆசிரியர் நியமன ஒழுங்குமுறையின் மதிப்பெண் அட்டவணையை எடுத்துப் பாருங்கள். கட்டுரைக்குரிய மதிப்பெண்ணுக்கு மேல், இம்பாக்ட் ஃபாக்டர் இல்லாத தரமான இதழ் என்றால் 5, ஒன்றுக்குக் கீழே என்றால் 10, ஒன்றிலிருந்து இரண்டு 15, அப்படியே ஏறி, பத்துக்கு மேல் 30. தாம்சன் ராய்ட்டர்ஸ் பட்டியல்படி என்று வேறு அதில் எழுதியிருந்தது. தாம்சன் ராய்ட்டர்ஸ் அந்தத் தொழிலை 2016லேயே விற்றுவிட்டது. இரண்டு வருஷம் முன்னால் கடையை மூடிவிட்டுப் போனவர் பெயரில் நமக்குச் சட்டம். யுஜிசி தானே தொகுத்த இதழ்ப் பட்டியலின் கதையும் தெரியும். 2018 மே மாதம் ஒரே மூச்சில் 4305 இதழ்களை நீக்கினார்கள். பிறகு கேர் பட்டியல் என்று 2019ல் கொண்டுவந்தார்கள். 2025 பிப்ரவரியில் அதையும் கைவிட்டதாக அறிவித்தார்கள். பட்டியலை நம்பிக் கட்டுரை போட்ட பிள்ளைகள் என்ன ஆனார்கள் என்று எந்தச் சுற்றறிக்கையிலும் இல்லை.

வெளிநாட்டிலும் இதற்கு எதிர்ப்பு இல்லாமல் இல்லை. 2012ல் சான் ஃபிரான்சிஸ்கோவில் விஞ்ஞானிகளும் இதழாசிரியர்களும் கூடி, ஒரு தனிக் கட்டுரையின் தரத்தையோ ஒரு ஆளின் தகுதியையோ அளக்க இதழின் மதிப்பெண்ணைப் பயன்படுத்தாதே என்று பிரகடனம் தயாரித்தார்கள். டோரா என்று சுருக்கமாகச் சொல்வார்கள். மேற்கோள் எண்ணிக்கை வெறி முற்றியிருந்த சீனத்திலேயே 2020 பிப்ரவரியில் கல்வி அமைச்சகம் இதைக் கட்டுப்படுத்த உத்தரவு போட்டது. உங்கள் நெறியாளரோடு வாதாட வேண்டி வந்தால் என் கவிதையைக் காட்டாதீர்கள், டோராவைக் காட்டுங்கள்.

அப்ப இந்தக் கருவியைத் தூக்கி எறிஞ்சிடலாமான்னு கேட்பீங்க. வேண்டாம் என்பது என் கட்சி. நம் பிள்ளைகளுக்கு இதில் ஒரு பயன் இருக்கிறது. "மூன்றே நாளில் வெளியீடு, சர்வதேசத் தரம்" என்று வாட்ஸப்பில் வரும் விளம்பரத்தை நம்பி உதவித்தொகையிலிருந்து பணம் கட்டி ஏமாந்தவர்கள் இந்தக் கூட்டத்திலேயே இருப்பீர்கள், கை தூக்கச் சொல்ல மாட்டேன். அப்பா பேராசிரியராக இருந்தால் எந்த இதழ் திருட்டு இதழ் என்று சாப்பாட்டு மேசையில் தெரிந்துவிடும். நமக்கு யார் சொல்வது? இதழ் ஸ்கோப்பஸில் இருப்பதாக அவன் சொல்கிறானா, அந்தப் பெயரும் எண்ணும் பட்டியலில் இருக்கிறதா என்று நீங்களே பார்த்துக்கொள்ளலாம். கட்டுரை அனுப்புவதற்கு முன்னால் பாருங்கள். படிப்பதற்கு முன்னால் பார்க்காதீர்கள். எதைப் படிப்பது, எதை வைத்துக்கொள்வது என்று தேர்வு செய்யும் வேளையில் அந்த நெடுவரிசையை மறைத்து வையுங்கள். தலைப்பு வரிசையில் வலது பொத்தானை அமுக்கி ஒரு குறியை எடுத்தால் மறைந்துவிடும். ஒரு நொடி வேலை.

தம்பி விஷயத்துக்கு வருகிறேன். சோட்டீரோவில் அழித்தது உடனே போய்விடாது, குப்பைத் தொட்டியில் கிடக்கும். வழக்கமான அமைப்பில் 30 நாள் கழித்துத்தான் தானே காலியாகும். எத்தனை நாள் ஆச்சுடா என்றேன். விரல்விட்டு எண்ணினான். இருபத்தாறு. அன்றைக்கே உட்கார்ந்து திருப்பி எடுத்தோம். டிரெமன்ஹீர் வந்தார், அம்பேத்கர் வந்தார், காரணைப் பிரசுரங்கள் வந்தன.

வந்ததைப் பார்த்தால் வேறொரு குறை. கலெக்டர் அறிக்கைக்கும் அரசாணைக்கும் எண், தேதி, ஆவணக் காப்பகக் குறிப்பு எல்லாம் ஒழுங்காக இருந்தது. நம் சிற்றிதழ்க் கட்டுரைகளுக்கு? இதழ் பெயரும் வருஷமும் மட்டும். எந்த மாதம், எத்தனையாவது இதழ், எந்தப் பக்கம், எங்கிருந்து வெளிவந்தது, ஒன்றும் இல்லை. "ஜெராக்ஸ்ல அவ்வளவுதாண்ணே இருந்துச்சு" என்கிறான். இந்தக் கட்டம் காலியானதற்கு எல்சவியர் காரணம் இல்லை. முகப்பு அட்டையைச் சேர்த்து ஜெராக்ஸ் எடுக்காத நாம் காரணம். தேர்வாளர் இது எங்கே வந்தது என்று கேட்டால், இதோ இந்த இதழ், இந்த மாதம், இந்தப் பக்கம் என்று எடுத்துக் காட்ட வேண்டும். காட்ட முடியாவிட்டால் அவர் வாயை அடைக்க முடியாது.

சோட்டீரோவில் 'எக்ஸ்ட்ரா' என்று ஒரு கட்டம் இருக்கிறது. தரவரிசைக் கருவிகள் சில அதில்தான் தங்கள் எண்ணைக் கொண்டுபோய் எழுதும். அதே கட்டத்தில் தம்பியும் நானும் எழுத ஆரம்பித்திருக்கிறோம்: யாரிடமிருந்து இந்தப் படி கிடைத்தது, எழுதியவர் அந்தப் போராட்டத்தில் நேரில் இருந்தாரா, அவர் சொல்வதைச் சரிபார்க்க வேறு என்ன ஆவணம் உண்டு. எல்லாவற்றையும் நல்லதென்று எழுதவில்லை. உணர்ச்சிவசப்பட்டு ஏக்கர் கணக்கைத் தப்பாகப் போட்ட பிரசுரமும் ஒன்று இருந்தது, அதையும் அப்படியே குறித்து வைத்தோம். இதுவரை முப்பது சொச்சம் முடிந்திருக்கிறது. இன்னும் நிறையக் கிடக்கிறது.

நெறியாளரிடம் தம்பி போன வாரம் பேசினான். அரசாணையையும் அறிக்கையையும் முதன்மை ஆதாரம் என்று தனித் தலைப்பில் வைக்க ஒத்துக்கொண்டார். சிற்றிதழ்களைப் பற்றி, "பார்க்கலாம்" என்றிருக்கிறார். விவரம் முழுசாக இருந்தால் பேசலாம் என்று சொன்னாராம்.

அதனால், உங்கள் வீட்டுப் பரணில், மாமா சித்தப்பா டிரங்குப் பெட்டியில் 1990களின் இதழ்கள் இருந்தால் அடுத்த ஞாயிறு கொண்டு வாருங்கள். கிழிந்திருந்தாலும் பரவாயில்லை, அட்டை இருந்தால் போதும். ஸ்கேனர் என் வீட்டில் இருக்கிறது. மூன்று மணிக்கு மேல் வாங்க, அதுவரைக்கும் எங்க பக்கம் கரண்ட் இருக்காது.